புகை அடித்தும் கொசு ஏன் குறையவில்லை?

மாலை ஐந்தரை மணி. தெருமுனையில் அந்த இரைச்சல் கேட்டதுமே வீடுகள் பரபரப்பாகிவிடுகின்றன. ஜன்னல்களைச் சாத்துகிறார்கள், கொடியில் கிடக்கும் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுகிறார்கள், அடுப்படியில் பாத்திரங்களுக்கு மூடி தேடுகிறார்கள். கொசு மருந்து வண்டி வருகிறது. சிறுவர்கள் வெண்புகைக்குள் புகுந்து பின்னாலேயே ஓடுகிறார்கள். கால் மணி நேரத்தில் புகை கலைந்துவிடும். டீசல் வாடை மட்டும் கொஞ்ச நேரம் தெருவில் நிற்கும்.

மறுநாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையின் கணுக்காலில் சுருக்கென்று ஒரு கடி.

நம் ஊர்களில் இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு இருக்காது: இவ்வளவு புகை அடித்தும் கொசு ஏன் போகவில்லை? இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். மருந்தில் ஏதோ கலப்படம். இல்லாவிட்டால், ஆட்கள் சரியாக அடிக்கவில்லை. இரண்டுமே பொய் என்று வைத்துக்கொள்வோம். மருந்து சுத்தமானது, பணியாளர்களும் சந்து பொந்து விடாமல் அடித்தார்கள். அப்போதும் மூன்று வாரத்தில் கொசு பழைய கணக்குக்கே வந்து நிற்கும். யார் மீதும் குற்றமில்லாதபோதும் தோல்வி வருகிறது என்றால், தவறு ஆட்களிடம் இல்லை, பொருள்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. அந்த இணைப்புகளைச் சேர்த்துப் பார்ப்பதைத்தான் இந்த நூலில் ‘அமைப்புப் பார்வை’ என்று சொல்கிறேன்.

ட்ரம்முக்குள் ஒரு டார்ச் வெளிச்சம்

முதலில் எந்தக் கொசு என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரவில் காதோரம் ரீங்காரமிடுவது பெரும்பாலும் சாக்கடைக் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி அதற்கு நேர்மாறானது. பகலில் கடிக்கும். காலையிலும் மாலை இருட்டுவதற்கு முன்பும் அதற்குப் பசி அதிகம். சாக்கடையை அது சீந்துவதில்லை. நாம் குடிக்கவும் குளிக்கவும் பிடித்துவைக்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். வீட்டுக்குள்ளேயே, கட்டிலுக்கடியில், திரைச்சீலைக்குப் பின்னால், தொங்கும் சட்டையின் மடிப்பில் ஓய்வெடுக்கும். பிறந்த இடத்திலிருந்து அதிக தூரம் பறக்காது. பெரும்பாலும் சில வீடுகள் தாண்டுவதோடு சரி.

புகைக்குப் பயந்து நாம் ஜன்னலைச் சாத்தும்போது யாரைக் காப்பாற்றுகிறோம் என்பது இப்போது புரியும்.

ஒரு நீல ட்ரம்மின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நீரின் மேற்பரப்பில் சிறு நூல்துண்டுகள் தலைகீழாகத் தொங்கும். வால்நுனியில் உள்ள குழாயால் அவை மூச்சு வாங்குகின்றன. வெளிச்சம் பட்டதும், ஏன், நம் நிழல் விழுந்தாலே போதும், நெளிந்து நெளிந்து அடியாழத்துக்கு இறங்கிவிடும். ஓரிரு நிமிடம் அசையாமல் நின்றால் மூச்சுக்காக மறுபடி மேலே வரும். அவை கொசுப்புழுக்கள். அவற்றினிடையே காற்புள்ளிக் குறி போல வளைந்து, தலை பெருத்து மிதப்பவை கூட்டுப்புழுக்கள்; இன்னும் இரண்டு நாளில் சிறகு முளைத்துப் பறக்கப்போகிறவை.

இனி ட்ரம்மின் உட்சுவரைப் பாருங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் படிந்த இடத்தில், மிளகுத்தூள் ஒட்டியது போல நுண்ணிய கரும்புள்ளிகள். முட்டைகள். ஏடிஸ் தண்ணீரில் முட்டையிடுவதில்லை, தண்ணீரின் கரையில் இடுகிறது. ட்ரம் காய்ந்தாலும் அவை சாவதில்லை, மாதக்கணக்கில் காத்திருக்கும். நீர்மட்டம் உயர்ந்து முட்டையை நனைக்கும் நாளில் பொரியும். தண்ணீரைக் கொட்டிவிட்டு ட்ரம்மைக் கவிழ்த்து வைத்தவர் வேலை முடிந்ததென்று நினைத்திருப்பார். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. நாரால் சுவரைத் தேய்த்தால்தான் அந்தப் புள்ளிகள் போகும்.

வரவு, செலவு, இருப்பு

மளிகைக்கடைக்காரர் தினமும் மூன்று கணக்கு பார்க்கிறார்: இன்று வந்த சரக்கு, போன சரக்கு, மிச்சமுள்ள சரக்கு. கொசுவுக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

நூறு வீடுள்ள ஒரு தெருவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் எல்லாம் கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. அந்தத் தெருவில் புழு வளரும் பாத்திரங்கள் பத்து இருக்கின்றன: எட்டு ட்ரம்கள், ஒரு சிமென்ட் தொட்டி, கொல்லையில் யாரும் மாவாட்டாமல் கிடக்கும் ஒரு ஆட்டுக்கல். ஒவ்வொன்றிலிருந்தும் நாளுக்கு 5 கொசு பறந்து வெளியே வருகிறது என்றால், தெருவின் அன்றாட வரவு 50. வளர்ந்த கொசுக்களில் பத்தில் ஒரு பங்கு தினமும் பல்லிக்கோ சிலந்திக்கோ காற்றுக்கோ வயதுக்கோ பலியாகிறது. அது செலவு. இந்த வரவும் இந்தச் செலவும் சமமாகும் இருப்பு எது? 500. ஐநூறில் பத்தில் ஒன்று 50, வருவதும் 50. தெருவில் எப்போதும் சுமார் 500 கொசுக்கள்.

இன்று மாலை வண்டி வருகிறது. நன்றாகவே அடிக்கிறார்கள், பாதிக் கொசு செத்துவிடுகிறது. இருப்பு 250. வெற்றிதான்.

ஆனால் ட்ரம்களுக்கு அது தெரியாதே! மறுநாளும் 50 வருகிறது. சாவதோ 250-இல் பத்தில் ஒன்று, 25 மட்டும். மறுநாள் இருப்பு 275. அதற்கடுத்த நாள் 298. ஒரு வாரத்தில் 380. இரண்டு வாரத்தில் 443. மூன்று வாரம் முடியும்போது 473. புகை எந்தத் தவறும் செய்யவில்லை. அது செலவு ஏட்டில் ஒருநாள் ஒரு பெரிய தொகையை எழுதியது, அவ்வளவுதான். வரவு ஏட்டை யாரும் தொடவில்லை.

சரி, விடாமல் வாரந்தோறும் அடித்தால்? அதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். இருப்பு 170-க்கும் 340-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், செலவும் புகையும் ஆண்டு முழுக்கத் தொடரும் வரை. நடைமுறையில் அதுகூடக் கிடைக்காது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் அதைத் தாங்கும் கொசுக்களே மிஞ்சிப் பெருகும்.

இப்போது வேறொரு தெரு. இங்கே புகையே இல்லை. பத்துப் பாத்திரங்களில் ஐந்தைத் தேய்த்துக் கழுவி, இறுக மூடிவிட்டார்கள். வரவு 25 ஆகிறது. மறுநாள் இருப்பு 475. யார் கண்ணிலும் படாத குறைவு. ஒரு வாரத்தில் 370, இரண்டு வாரத்தில் 307, மூன்று வாரத்தில் 277. மெதுவாக இறங்கி 250-இல் வந்து நிலைக்கும். அந்த ஐந்து பாத்திரங்கள் மூடியிருக்கும் வரை அங்கேயே நிற்கும்.

இரண்டு தெருக்களையும் மறுநாள் காலையில் பார்வையிடும் கவுன்சிலர் எதைப் பாராட்டுவார்? 500 ஒரே இரவில் 250 ஆன தெருவைத்தான். மூன்று வாரம் கழித்து வந்தால் படம் தலைகீழாகியிருக்கும், ஆனால் அதற்குள் பேச்சு வேறு விஷயத்துக்குப் போயிருக்கும். புகை வண்டிக்கு இவ்வளவு செல்வாக்கு இருப்பதன் காரணம் இதுவே: பலன் உடனே தெரிகிறது, இழப்பு பிறகு வருகிறது. நாரும் மூடியும் அப்படியல்ல. பொதுச் சுகாதாரத்தில் திரும்பத் திரும்ப நாம் சறுக்கும் இடம் இது.

அப்படியானால் புகையே வேண்டாமா?

அவசரப்பட வேண்டாம். மூன்றாவதாக ஒரு தெரு இருக்கிறது. காலையில் ஐந்து பாத்திரங்களை மூடுகிறார்கள், அதே நாள் மாலையில் புகையும் அடிக்கிறார்கள். இருப்பு 250. மறுநாள் வரவு 25, செலவு 25. அதற்கடுத்த நாளும் அதே. கொசு திரும்பி ஏறவே இல்லை. வரவை அடைத்த இடத்தில், புகை மூன்று வாரக் காத்திருப்பை ஒரே மாலையில் கடக்க வைக்கிறது.

புகைக்கு இன்னொரு நியாயமும் உண்டு. டெங்கு நோயாளியின் ரத்தத்தைக் குடித்த கொசு அன்றே நோயைப் பரப்புவதில்லை. கிருமி அதன் உடலில் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட சுமார் 8 முதல் 12 நாள் ஆகிறது. எனவே ஆபத்தானவை வயதான கொசுக்கள். நோயாளி இருக்கும் வீட்டுக்குள்ளும் சுற்றியுள்ள வீடுகளுக்குள்ளும் உடனடியாக மருந்தடித்தால் அந்தக் கிழக் கொசுக்கள் சாகும்; புதிதாகப் பிறப்பவை நோயேந்திகளாக வேண்டுமானால் மேலும் நாள் ஆகும். தெருவில் வண்டி ஓட்டுவதால் இது நடக்காது. கதவைத் திறந்து உள்ளே விட வேண்டும்.

இரண்டு கடிகாரங்கள்

இப்போது நம் கேள்வி நகர்ந்துவிட்டது. ‘கொசு ஏன் போகவில்லை’ என்பது ‘வரவு ஏன் நிற்கவில்லை’ என்று மாறியிருக்கிறது. அதற்கு ட்ரம் வைத்திருக்கும் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும்.

கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் வருகிறார். தோளில் மருந்துப் புட்டி, கையில் டார்ச்.

“அக்கா, ட்ரம்முல புழு இருக்கு. கொட்டிடட்டுமா?”

“எட்டு நாள் கழிச்சு நேத்துதான்பா தண்ணி வந்துச்சு. அதைக் கொட்டச் சொல்றியே, பிள்ளைங்க குளிக்கிறதுக்கு எங்க போவேன்?”

“அப்ப மருந்து ஊத்துறேன்.”

“குடிக்கிற தண்ணிப்பா. நாத்தம் அடிக்கும். நான் பார்த்துக்கறேன், நீ சுவத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போ.”

இந்த உரையாடல் தமிழ்நாட்டு நகரம் எதிலும் நடக்கக்கூடியது. யார் மீது தவறு? அந்தப் பெண் தன் வீட்டுக்குச் சரியானதைச் செய்கிறார். பணியாளர் தன் வேலையைச் செய்கிறார். விழிப்புணர்வு இல்லை என்று அந்தப் பெண்ணைக் குறைசொல்வது எனக்கு ஒப்பவில்லை. கொசு ட்ரம்மில் வளர்கிறது என்பது அவருக்குத் தெரியும். குழாய் எட்டு நாளுக்கு ஒருமுறைதான் திறக்கும் என்பதும் தெரியும்.

ஏடிஸின் கடிகாரத்தை இங்கே வைத்துப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். குழாயின் கடிகாரம் எட்டு நாள். இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடுகின்றன. வாரம் முழுக்க நாம் மொண்டு மொண்டு எடுக்க ட்ரம்மின் நீர் இறங்குகிறது. இறங்கும் ஒவ்வொரு அங்குலத்திலும் ஈரச்சுவர் வெளியே தெரிகிறது. கொசு அங்கே முட்டையிடுகிறது. எட்டாம் நாள் தண்ணீர் வருகிறது. ட்ரம்மை விளிம்பு வரை நிரப்புகிறோம். முட்டைகள் எல்லாம் நனைகின்றன, பொரிகின்றன. அடுத்த முறை தண்ணீர் வரும் நாளுக்குள் அவை பறந்துவிடும். குழாய் திறக்கும் நேரமே கொசு பிறக்கும் நேரம் ஆகிவிடுகிறது.

தண்ணீர் தினமும் வந்தால் ட்ரம்மே தேவைப்படாது. நான்கு நாளுக்கு ஒருமுறை வந்து, ஒவ்வொரு முறையும் ட்ரம்மைக் காலிசெய்து தேய்த்தால், புழு கொசுவாகும் முன்பே கதை முடியும். ஆனால் நாலு நாள் முறை உள்ள ஊரிலும் யாரும் ட்ரம்மைக் காலி செய்வதில்லை. ஏன்? முறை தவறும் என்ற பயம். மோட்டார் பழுதானால், மின்சாரம் போனால், குழாய் உடைந்தால் நாலு நாள் ஏழு நாளாகும். எனவே எப்போதும் ஒரு ட்ரம் கையிருப்பு. யாரும் தொடாத அந்தக் கையிருப்பு ட்ரம்தான் ஏடிஸுக்கு மிகவும் பிடித்த வீடு.

பயம் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் தன்மை உடையது. முறை தவறும் என்று நினைப்பவர் தண்ணீர் வரும் நாளில் கூடுதலாகப் பிடிக்கிறார். சிலர் குழாயில் மோட்டார் வைத்தே உறிஞ்சுகிறார்கள். கடைக்கோடி வீடுகளுக்கு எட்டுவதில்லை. அந்த வீட்டார் இன்னும் இரண்டு ட்ரம் வாங்குகிறார்கள். அடுத்த முறை அவர்களும் அதிகம் பிடிக்கிறார்கள். இப்படி விளைவே மறுபடி காரணமாகித் தன்னை ஊட்டி வளர்ப்பதை ‘வளர்க்கும் சுழல்’ என்போம். ஊரில் தண்ணீரின் அளவு அப்படியே இருக்கிறது. ட்ரம்களின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

பெரிய கல்லை அசைக்க எந்த இடத்தில் கடப்பாரையைச் செருக வேண்டும் என்று கொத்தனாருக்குத் தெரியும். இந்தச் சுழலிலும் அப்படி ஒரு நெம்புமிடம் இருக்கிறது. புதிய அணையோ குடிநீர்த் திட்டமோ வர ஆண்டுகள் ஆகலாம். ‘உங்கள் தெருவுக்குச் செவ்வாய்க்கிழமை’ என்று சொல்லி, செவ்வாய்க்கிழமை தவறாமல் திறப்பதற்கு அவ்வளவு காலம் வேண்டாம். தவறும் என்றால் முதல்நாளே சொல்லிவிட வேண்டும். நாள் உறுதியானால் கையிருப்பு ட்ரம்முக்கு வேலையில்லை. கொசு ஒழிப்பில் நான் முதலில் கேட்பது இந்த உறுதியைத்தான், புகை இயந்திரத்தை அல்ல.

செய்தி வரும் வேகம்

கொசுவோடு நாம் ஓடும் பந்தயத்தில் இன்னொரு பின்னடைவும் உண்டு. கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள் ஆகும். காய்ச்சல் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அவரைக் கடிக்கும் கொசு கிருமியை வாங்கிக்கொள்ளும். அப்படி வாங்கிய கொசு, காய்ச்சலின் எட்டாம் நாள் வாக்கில் பிறரைக் கடித்து நோய் பரப்பத் தயாராகிவிடும்.

நம் வழக்கம் என்ன? முதல் இரண்டு நாள் மருந்துக்கடை மாத்திரை. மூன்றாம் நாள் பக்கத்துக் கிளினிக். ஐந்தாம் நாள் ரத்தப் பரிசோதனை. முடிவு வந்து, பட்டியலில் ஏறி, பணியாளர்கள் அந்த வீட்டை அடையும்போது பத்தாம் நாள் ஆகியிருந்தால் பந்தயம் முடிந்துவிட்டது. ஐந்தாம் நாளே போயிருந்தால் கையில் மூன்று நாள் மிச்சம். அந்த மூன்று நாள் எந்த இயந்திரமும் தராத பலம். கிளினிக்கிலிருந்து நகராட்சிக்குச் செய்தி அன்றே போக வேண்டும், அவ்வளவுதான். டெங்குவால் பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் ஏறும் ஒரு பெயர், ஏறாத பலரின் அடையாளம்.

தமிழ்நாட்டில் 2012-இல் 12,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு உறுதியானது. 66 பேர் இறந்தார்கள். ஐந்தாண்டு கழித்து 2017-இல் 23,000-ஐத் தாண்டியது, 65 மரணங்கள். அரசுப் பதிவேட்டில் ஏறியவை மட்டும் இவை. ஒவ்வொரு முறையும் நோய் உச்சத்தில் இருக்கும்போது படை திரள்கிறது. தணிந்ததும் கலைகிறது. அடுத்த மழைக்கான முட்டைகளோ அதற்குள் ட்ரம் விளிம்பிலும் பழைய டயரிலும் ஒட்டியாகிவிட்டது.

சிங்கப்பூர் கற்ற பாடம்

வரவை அடைப்பதில் சிங்கப்பூரை மிஞ்சிய ஊர் குறைவு. 1970-களிலேயே வீடு வீடாகச் சோதனை, சட்டம், அபராதம், கல்வி எல்லாம் சேர்ந்து, புழு காணப்படும் வீடுகளை நூற்றுக்கு இரண்டு மூன்று என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். சுமார் 15 ஆண்டுகள் டெங்கு அடங்கிக் கிடந்தது. 1990 வாக்கில் திரும்பியது. 2005-இல் 14,000-க்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியது. கொசு அப்போதும் குறைவுதான்.

பின்னோக்கி ஆராய்ந்தவர்கள் சில காரணங்களைச் சொன்னார்கள். நோயே வராமல் வளர்ந்த தலைமுறைக்கு எதிர்ப்பாற்றல் இல்லை. கொஞ்சம் கொசு இருந்தாலே நோய் பரவப் போதும். வீடுகள் சுத்தமானதால் கடி, பள்ளியிலும் வேலையிடத்திலும் நடக்கத் தொடங்கியது. அமைதியான ஆண்டுகளில், புழுவைத் தேடிப் போவதிலிருந்து நோயாளி வந்தபின் ஓடுவதற்கு முறையும் மாறியிருந்தது. முதல் காரணம் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. வெற்றி ஊரைப் பாதுகாத்தது. அதே வெற்றி ஊரை எளிதில் பற்றக்கூடியதாகவும் ஆக்கியது. இதைச் சொல்லி முயற்சியைக் கைவிடச் சொல்வது பெருந்தவறு. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் பிழைத்த பிள்ளைகள் பிழைத்தவர்கள்தான். ஆனால் கொசு குறைந்த ஊரில் கண்காணிப்பு முன்பைவிடக் கூர்மையாக வேண்டும் என்பது அங்கிருந்து கிடைத்த பாடம்.

இரண்டு பதிவேடுகள்

1939-இல் அன்றைய சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனிச்சட்டம் கொண்டுவந்தது. இன்றும் நடைமுறையில் உள்ள அந்தச் சட்டத்தில் குடிநீர் ஒரு அத்தியாயம், கழிவுநீர் ஒரு அத்தியாயம், கொசுக் கட்டுப்பாடு ஒரு அத்தியாயம். ஒரே அட்டைக்குள் மூன்றும். எழுதியவர்களுக்கு இவை ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று தெரிந்திருக்கிறது.

நகராட்சி அலுவலகத்தில் அவை பிரிந்து வாழ்கின்றன. குடிநீர்ப் பிரிவின் மேசையில் எந்தத் தெருவுக்கு என்றைக்குத் தண்ணீர் திறக்கப்பட்டது என்ற பதிவேடு. சுகாதாரப் பிரிவின் மேசையில் எந்தத் தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்ற பதிவேடு. லண்டனில் 1854-இல் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ செய்தது இரண்டையும் ஒரே தாளில் குறித்ததுதான்: எங்கே மரணம், எங்கே குழாயடி. பிராட் தெருக் குழாயடியைச் சுற்றியே மரணங்கள் குவிந்திருந்தன. காலராவின் கிருமி இன்னதென்று மருத்துவ உலகம் ஏற்காத காலம் அது. அவருக்கு உதவியது அந்தத் தாள்.

நம் நகராட்சிகளில் இதற்குப் புதிய நிதியோ ஆளோ தேவையில்லை. மாதம் ஒருமுறை குடிநீர்ப் பொறியாளரும் நகர்நல அலுவலரும் ஒரே வார்டு வரைபடத்தின் முன் உட்கார வேண்டும். தண்ணீர் முறை எட்டு நாளைத் தாண்டிய தெருக்களுக்கு ஒரு நிறம், காய்ச்சல் வந்த வீடுகளுக்கு ஒரு நிறம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் தெருவுக்கு முதல் மூடி, முதல் நார், முதல் வால்வு பழுதுபார்ப்பு. இதை அவர்கள் செய்ய வேண்டுமானால் யாராவது கேட்க வேண்டும். அடுத்த முறை வார்டு கூட்டத்தில் எழுந்து நிற்கும்போது, எங்கள் தெருவுக்கு எப்போது புகை அடிப்பீர்கள் என்று கேட்காதீர்கள். எங்கள் தெருவுக்கு எந்தக் கிழமை தண்ணீர், அந்தக் கிழமை மாறாதா என்று கேளுங்கள்.

பதில் வரும் வரை, தண்ணீர் வரும் நாளுக்கு முந்தின மாலை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ட்ரம்மின் அடியில் மிஞ்சிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, உட்சுவரை விளிம்பிலிருந்து அடிவரை தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள்.